ஒரே கட்டு

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு
முதிரைச் சட்டத்தின் நடுவில்
வாள் நின்றுபோனது.
மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
கருகின ரப்பர் மணம்
கூரைத் தகரம்வரை ஏறியது.

மூடியைக் கழற்றினேன்.
மூன்று பெல்ட்டில் ஒன்று அறுந்து தூளுக்குள் கிடந்தது.
மற்ற இரண்டும்
கோடையில் குளத்துச் சேறுபோல வெடித்திருந்தன.
இலக்கம் அழிந்துவிட்டது.
மேசைவாளை எனக்கு விற்றவர் கனடாவில்,
பெயர்த்தகடு அவருக்கும் முந்தியே போய்விட்டது.

வெள்ளி காலை ஆறு பத்திலிருந்து ஏழு ஐந்துவரை
உப்புவெளியில் நிலை வைக்க நேரம்.
கோகிலவதி ரீச்சர் நாளுக்கு இரண்டு தரம் எடுக்கிறா.
"பிள்ளை, நிலை முடிஞ்சுதோ?"
"முடியுது ரீச்சர்."

சணல் நூலைக் கப்பிகளைச் சுற்றி இழுத்து
முனை சந்தித்த இடத்தில்
நீலப் பேனையால் ஒரு புள்ளி.
சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தேன்.

பிரதான வீதியில் முதல் கடை.
சுவரில் ஆணிக்கு ஆணி கறுப்பு வளையங்கள்,
யானைக்கு வளைகாப்பு நடக்கிற வீடுபோல.
"தையல் மெஷினுக்கா அக்கா?"
"வாளுக்கு."
"ஐயா வரேல்லையோ?"
"எந்த ஐயா?"
பெடியன் பிறகு பேசவில்லை.
முப்பத்தெட்டில் ஒன்றுதான் இருந்தது.

அநுராதபுரச் சந்தியில்
விமலசேனவின் கடையில் இன்னொன்று, வேறு கம்பனி.
வாசலில் ஒரு மான்
அது வந்த அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டு நின்றது.
மூன்றாவது சீனக்குடாவில், லொறி கராஜில்.
பாவித்தது. நல்லதென்று
இரண்டு பேர் சத்தியம் செய்தார்கள்.

மாட்டினேன்.
முப்பத்தெட்டும் முப்பத்தெட்டும் முப்பத்தெட்டும்
மூன்று நீளம்!
ஒன்று இறுகி முழுப் பாரத்தையும் தானே இழுத்தது.
ஒன்று கூட இழுப்பதாகப் பாவனை செய்தது.
ஒன்று தொங்கித் தொங்கிக் கைதட்டியது.
எங்கள் மாதர் சங்கக் கூட்டம் ஞாபகம் வந்தது.
மேசை நடுங்கியது.
மரம் அரை அங்குலம் போய் மறுத்துவிட்டது.

வயர் பார்க்க வந்த நௌசாத்
புதன் இரவு வாசலில் நின்று சொன்னான்:
"மூண்டையும் ஒரே கட்டில எடுக்கோணும் அக்கா.
ஒரே அச்சு, ஒரே நாள் வார்த்தது.
கிண்ணியாவில ரிஸ்மியாட்டக் கேளுங்க."

வியாழன் விடியப் பாலத்தைக் கடந்தேன்.
மிளகாய் மில்லுக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை,
மூக்கு கூட்டிப்போனது.
முகத்தைச் சுற்றிக் கட்டிய துணிக்கு மேலே
ரிஸ்மியாவின் கண் மட்டும் சிரித்தது.
அலுமாரிக்கு மேலிருந்து எடுத்துத் தந்தா,
செப்புக் கம்பியால் கட்டிய மூன்று,
சிவப்புத் தூசி படிந்து.
"பழைய மோட்டாருக்கு வாங்கினது.
மோட்டார் போயிட்டு, இது கிடக்கு."
நூலை வைத்துப் பார்த்தோம்.
நீலப் புள்ளி வந்து சரியாக உட்கார்ந்தது.
காசு வேண்டாமாம்.
"அரிதட்டுக்கு ஒரு சட்டம் அடிச்சுத் தாங்க.
வேம்பு வேணாம், தூள் கசக்கும்."

பின்னேரம் வாள் ஓடியது.
மூன்றும் சேர்ந்து சுற்றுகையில்
மூன்றென்று சொல்ல முடியவில்லை.
ஆனால் சுற்றுக்குச் சுற்று
எந்த வருடத்து மிளகாயோ உதிர்ந்தது.
கோட்டைப் பார்த்து அழுதபடி அறுத்தேன்.
பொழி வெட்டும்போதும் அழுதேன்.
பக்கத்து வளவில் யாரோ
எனக்கு என்ன நடந்ததென்று விசாரித்தார்கள்.

வெள்ளி, ஆறு நாற்பது.
மஞ்சள் பூசி, மாவிலை கட்டி
நாலு பேர் நிலையை நிமிர்த்தினார்கள்.
பொழிக்குள் தங்கியிருந்த தூள் எழும்பியது.
ரீச்சரின் மச்சாள் தும்மினா.
ஒரு தும்மல்.

ஓங்கின தேங்காய் ஓங்கினபடி நின்றது.
எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள்.
ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
ஒற்றைத் தும்மல்தானே குற்றம்.
மட்டம் பார்ப்பதுபோலக் குனிந்து
மூக்கைப் பொழிக்குள் வைத்து
ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன்.

"ரெண்டு" என்றார் ஐயர்.
"அடியுங்கோ தேங்காயை."