அளவுப் புத்தகம்

பேட்டை ஹவுசிங் போர்டு மைதானத்துக்கு
நான் போட்ட வரைபடத்தில்
சறுக்கு ஒன்று, ஊஞ்சல் இரண்டு,
மிச்சமெல்லாம் பேவர் பிளாக்.

சித்திரை வெயிலில் சறுக்கில் உட்கார்ந்த ஜெரின்
தொடையைத் தடவிக்கொண்டே எழுந்தான்:
'தோசக்கல்லுலா சார் இது.'

குழாய்க்குத் தோண்டிய செம்மண்
கான்ட்ராக்டர் அள்ளாமல் போட்டது,
மூலையில் கிடந்தது.
அதன்மேல்தான் மொத்தப் பிள்ளைகளும்.
கொட்டாங்குச்சியில் தண்ணீர் சுமந்து
ஒரு தாமிரபரணி விட்டார்கள்.
என் அளவுகோலைக் கேட்டு வாங்கிக் குறுக்கே வைத்தார்கள்:
சுலோச்சன முதலியார் பாலம்.
அன்றைக்கு நான் எதையும் அளக்கவில்லை.

பூவரசு நிழலுக்குப் பீடித் தட்டோடு வந்த சபூரா
இலை நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்:
'கல்லப் பதிச்சா நெழலும் சுடும், பாத்துக்கிடுங்க.'

ராத்திரி அழிரப்பர் பாதி தேய்ந்தது.
சறுக்கு பூவரசடிக்கு நகர்ந்தது.
கல் நடைபாதைக்கு மட்டும்.
வடக்கே நாலு உடைமரம், வெட்டக் கூடாது.

எம்-புக்கில் எழுதினேன்:
மண்மேடு, ஒன்று.
உயரம் போன வாரம் நாலடி,
இன்று மூன்றரை.

அரையடி எங்கே என்று
சிவப்பு மையில் கேட்டிருக்கிறார் ஈ.ஈ.
சாயங்காலம் ஆறு மணிக்கு
அடிபம்பில் கால் கழுவ நிற்கும் வரிசையை
எந்தக் கட்டத்தில் எழுத?