மொழிபெயர்ப்பாளர் குறிப்பு, ஜாலான் டூத்தா

ஒன்பதாம் கேள்வி:
இதற்கு முன் உன்னைப் போலீஸ்
எத்தனை தடவை நிறுத்தியிருக்கிறது?

யுகேந்திரன் விரல் மடக்கி எண்ணினான்.
பந்தாய் டாலாம் மேம்பாலத்தடியில் இரண்டு,
தாமான் டேசாவில் ஒன்று,
பெட்ரோல் போட நின்றபோது ஒன்று.
மழைக்கு ஒதுங்கியதும் கணக்கா
என்று என்னைக் கேட்டான்.
நான் பதில் சொல்லக்கூடாது.
மொழிபெயர்க்க மட்டும்தான் சம்பளம்.

நின்றது இவன்.
நிறுத்தியது யார் என்பதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

இதில் இனமே கேட்கவில்லை, கவனித்தீர்களா
என்றாள் புவான் ரொஸ்லிண்டா.
நல்லவள்.
மதியத்தில் தன் கறிபாப்பில் பாதியை
எனக்குப் பிட்டுத் தருகிறவள்.

உண்மைதான், இனம் கேட்கவில்லை.
முகவரி கேட்டது.
அண்ணன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டது.
கூட்டாளிகளில் கைதானவர் எத்தனை பேர்?
லிஃப்ட் ஓடாத பதினேழாம் மாடியில்
படியில் எதிர்ப்படுகிறவன்தானே கூட்டாளி.

வருந்துகிறாயா?
தலையைக் குனிந்து
கால் கட்டைவிரலைப் பார்த்தபடி நின்றான்.
எங்கள் வீட்டில் அதற்குப் பெயர்
வருத்தம்.
அவள் எழுதியது:
கண் பார்த்துப் பேசவில்லை.

பனி பெய்யும் ஏதோ ஊரில்
யாருக்கோ அளந்து தைத்த சட்டை.
இவனுக்கு இறுக்குகிறது.
தோளில்தான் கோளாறு என்கிறது சட்டை.

தோள் என்றதும் ஞாபகம்:
அங்கே என்ன பச்சை?
வேல், என்றான்.
மலாயில் சட்டென்று
எனக்கு வேறு சொல் வரவில்லை.
லெம்பிங், என்றேன்.
ஈட்டி.
ஆயுதம், கும்பல் சின்னமாக இருக்கலாம்
என்று போனது.

கூட்டுத்தொகை இருபத்தேழு.
இருபத்தைந்துக்கு மேல் சிவப்பு.
திருடியது ஒரு மோட்டாரின்
இரண்டு பக்கக் கண்ணாடி.
ஜாமீன் இல்லை.

மூன்று இரவு
அந்தச் சொல் என் நாக்கின் அடியில்
மீன்முள்ளாய்க் கிடந்தது.
வியாழக்கிழமை போய்ச் சொன்னேன்:
அது ஈட்டி இல்லை, புவான்,
சாமி கையில் இருப்பது,
பிள்ளைகளுக்குக் கழுத்தில்
பவுனில் செய்து போடுவோம்.

கேட்டாள். நிஜமாகவே கேட்டாள்.
கோப்பைத் திறந்தாள்.
திரையில் சின்னதாய் ஒரு பூட்டு.
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்
இருவரும்.

அந்தக் கேள்விக்கு எத்தனை புள்ளி
என்றேன்.

மூன்று,
என்றாள்.