பின்பக்கம்

கார் வைத்திருந்தோம் எண்டு சொல்லுவார் இவர்.
நான் வைத்திருந்தது அதன் பின்பக்கம்.
பதினொரு வருசம்.
டிக்கி மூடியில் இரண்டு இடம்
பெயின்ற் போய்த் தகரம் தெரியும்,
என் உள்ளங்கை அளவில்.

ஒஸ்ரின் ஏ போட்டி.
என்னைவிடப் பதினைந்து வயது மூப்பு.
மல்லாவியில் ஒரு நொத்தாரிசின் மாட்டுக்கொட்டிலில்
கோழி அடைகிடந்த கார்.
ஆறு மூட்டை நெல்லும் ஒரு றலி சைக்கிளும் கொடுத்து
ஓட்டிவந்தேன் எண்டு சொல்லுவார். பொய்.
உழவு மெசினில் கட்டி இழுத்துவந்தது.
பின் சீற்றில் மூன்று முட்டை இருந்தது,
அதையும் விலையில் கழித்துப் பார்த்தார்.

ஹான்டில் போட்டுச் சுற்றித்தான் ஸ்ராட் எடுப்பது.
ஒருநாள் அது திருப்பி அடித்து
இவரின் மணிக்கட்டு விலகியது.
"பரிமளம், ஒருக்கா வந்து தள்ளும்."
ஒருக்காதான் எண்டு நினைத்து
சட்டியை அடுப்பிலேயே விட்டுப் போனேன்.

பெற்றோல் அந்த நாளில்
சேலைன் போத்தலுக்குள், சாமியறையில்,
திருநீற்றுக் குடுவைக்குப் பக்கத்தில்.
காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பீச்சுவார்,
ஐந்தாவதுக்கு என் முகத்தைப் பார்ப்பார்.
இருமி, உதறி, பிடித்துக்கொண்டால்
பிறகு மண்ணெண்ணெயில் ஓடும்.
புகை முழுக்க எனக்கு.
கலியாண வீட்டில் என் கூறையை மணந்துவிட்டு
"காரிலேயோ வந்தனீங்கள்?" எண்டு கேட்பார்கள்.
ஓம் எண்டுவேன்,
கொஞ்சம் எடுப்பாகத்தான்.

காலடித் தகரத்தில் ஒரு ஓட்டை.
மகள் கஜேந்தினி குனிந்திருந்து
அதற்குள்ளால் றோட்டை வாசிப்பாள்:
மண். மண். சாணி. மண். தண்ணி.
அப்பா, தண்ணி!

புடையன் கடித்தது ஒரு மாரி இரவில்.
இவரை.
தள்ளுவதற்கு ஆள் இருந்தது:
பக்கத்து வளவில் இடம்பெயர்ந்து வந்திருந்த பெண்கள்,
ஒரு பள்ளிக்கூடப் பெடியன்.
ஆர் ஓட்டுறது?
முதல் தரமாக வலப்பக்கம் ஏறி இருந்தேன்.
"கிளச்! இடது கால்!" எண்டார் பின்னாலிருந்து.
"கடிபட்டதோ?"
"உம்மடை இடது கால்!"

இருந்த ஒற்றை லைற்றும் றோட்டைப் பார்க்காது,
பாலை மரங்களைத்தான் பார்க்கும்.
தேறாங்கண்டலிலிருந்து செக்கண்டிலேயே வந்தேன்,
தேட் எங்கே இருக்கு எண்டு தெரியாது.
நிப்பாட்டவும் தெரியாது,
ஆஸ்பத்திரி வேலிதான் நிப்பாட்டியது.
டொக்ரர் முதலில் வேலியைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் கண் திறந்து
தண்ணி கேட்கவில்லை, பிள்ளையைக் கேட்கவில்லை.
"முழுத் தூரமும் செக்கண்டிலேயோ?" எண்டார்.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம்
விசுவமடுவுக்குக் கிட்ட மண்ணெண்ணெயும் முடிந்தது.
பாய், அரிசி, தையல் மெசின், மூன்று வீட்டுச் சாமான்
எல்லாவற்றோடும் தள்ளினோம், நானும் மகளும்.
இவர் ஸ்ரியறிங்கில்.
ஏலாமல் போன இடத்தில்
ஒரு ஒழுங்கைக்குள் ஓரங்கட்டி
இறங்கிக் கதவைப் பூட்டினார்.
மற்றக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது.
திறப்பைச் சாரத்து மடியில் செருகினார்.

றோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன்.
முன்பக்கம் தெரிந்தது.
இரண்டு லைற், நடுவில் பல்லுப்போல கிறில்.
எனக்கு அந்த முகம் அவ்வளவு பழக்கமில்லை.

இப்போது ஒரு பழைய ஆல்ற்றோ.
வவுனியாவில், லீசிங்கில்.
முன் பம்பர் ஏற்கெனவே நசுங்கினது,
அதுதான் எனக்குப் பிடித்தது.
ஓட்டுவது நான்.
இவர் பக்கத்தில் இருந்து
எந்த ஏற்றம் வந்தாலும்
"செக்கண்டைப் போடும், உமக்குத் தெரிஞ்சதுதானே" எண்டுவார்.

போன கிழமை மழைக்குள்
மாங்குளம் தாண்டி நின்றுவிட்டது.
ஒன்றும் பேசாமல் இறங்கிப் பின்னால் போனார்.
கண்ணாடியில் பார்த்தேன்:
கையை அங்கே வைக்கிறார், இங்கே வைக்கிறார்,
எங்கே பிடிப்பது எண்டு தெரியாமல் நிற்கிறார்.
தலையை வெளியே நீட்டினேன்.

"அங்கையில்லையப்பா.
கொஞ்சம் கீழ."