கடைமடை லைன்

மேட்டூரில் திறந்த தண்ணீர்
எங்கள் பக்கம் வந்து சேரப் பதினைந்து நாள்,
அதுவும் முறை கிடைத்தால்.
ஓசூரில் ஏற்றிய பிஸ்கட்டுக்கு மூன்று நாள்.
இரண்டுக்கும் கணக்கு எழுதுகிறவர்கள் உண்டு.
நான் பிஸ்கட்டுக்கு எழுதுகிறேன்,
திருத்துறைப்பூண்டியில், ரயிலடிக்குப் பின்னால்,
தகரக் கூரை குடோனில்,
எலிப்பொறிக்கும் பிரிண்டருக்கும் நடுவில்.

திங்கள் கோட்டூர். செவ்வாய் ஆலத்தம்பாடி.
புதன் முத்துப்பேட்டை.
வியாழன், தில்லைவிளாகம் தாண்டி இடும்பாவனம்.
அதற்கு டிரைவர் அய்யாறு வைத்த பெயர்
கடைமடை லைன்.
டயர் தேயும், பில் தேறாது.

ஓர் ஊரையும் நான் பார்த்ததில்லை.
ஆனால் தொண்டியக்காட்டில்
யாருக்கோ பிள்ளை பிறந்திருப்பது தெரியும்:
பேபி சோப்பே கேட்காத கடை
திடீரென்று மூன்று கேட்கிறது.
நடவு தொடங்கினால்
டீத்தூளும் வலித் தைலமும் ஏறும்.
அறுப்புக் காசு கைக்கு வந்த வாரம்
ஷாம்பு, பாக்கெட்டை விட்டு
பாட்டிலுக்கு மாறும்.
ஒரு வாரம்தான். பிறகு பாக்கெட்.

போன வருஷம் தண்ணீர் கோரையாற்றோடு நின்றுவிட்டது.
வைரக்கண்ணு மளிகையின் பில்
பெட்டியிலிருந்து டஜனுக்கு இறங்கியது,
டஜனிலிருந்து சரத்துக்கு.
ஒரு வியாழன், அய்யாறு வந்து சொன்னார்:
"பாதிச் சரம் தருவீங்களான்னு கேக்குறாரு."

அந்த மாதம்தான் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார்.
நல்ல மனிதர், டீ கூட வேண்டாமென்றார்.
போனில் எங்கள் தாலுகாவைத் திறந்து காட்டினார்.
ஐநூறுக்குக் கீழே பில் போடும் கடை
சிவப்புப் புள்ளி.
ஒவ்வொன்றாகத் தொட்டார், மறைந்தன.
டீசல் மிச்சம் என்றார்.
மடையை அடைக்க
மண்வெட்டியாவது வேண்டுமென்று
அதுவரை நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் நான் செய்தது தப்புதான்.
வைரக்கண்ணுவின் சரத்தை
தில்லைவிளாகம் ரஹ்மத் ஸ்டோர்ஸ் பில்லில் சேர்த்தேன்.
ரஹ்மத் ஸ்டோர்ஸ்காரரிடம்
அய்யாறு பேசிக்கொண்டார்.
காகிதத்தில் அங்கேயே இறங்கிய சரக்கு
வண்டியில் இன்னும் கொஞ்ச தூரம் போனது.
டீசல் கணக்கில் அவர் என்ன எழுதினார்
என்று நான் கேட்கவில்லை.
இப்படிப் பத்து வியாழன்.
"தில்லைவிளாகத்துல மட்டும்
தினமும் தலைக்குக் குளிக்கிறாங்களா?"
என்று முதலாளி ஒருமுறை ஆச்சரியப்பட்டார்.

பதினோராவது வியாழன்
பில் கட்டை மேசையில் போட்டுவிட்டு
அய்யாறு சட்டைப் பித்தானைக் கழற்றினார்.
ரஹ்மத் பெயருக்கு மேல்
வைரக்கண்ணுவின் கையெழுத்து.
அதன் பக்கத்தில் பெருவிரல் அகலத்துக்குச் சேறு,
காய்ந்து, நடுவில் வெடித்து.
"தண்ணி வந்துட்டு.
வாய்க்கால்லேர்ந்து ஏறி அப்படியே வந்து வாங்குனாரு.
அடுத்த வாரம் சோப்பு ரெண்டு டஜனாம்."

சேறு பட்ட இடத்தில் தொகை மறைந்திருந்தது.
முப்பதா, எண்பதா?
ட்யூப்லைட்டில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.
யாரும் பார்க்காதபோது முகர்ந்தும் பார்த்தேன்.
ஷாம்பு வாசனைதான் வந்தது,
குடோன் முழுக்க அதுதானே.
எண்பது என்று போட்டேன்.