காரணம் என்ற கட்டம்

மார்ச்சில் இரண்டு.
ஏப்ரலில் ஐந்து, அதில் மூன்று ஒரே ஆள்:
ஏழாம் அறை, குணசீலன் மூட்லி,
முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டிய கால்கள்.

யார் விழுந்தாலும் ஒரு படிவம்.
நேரம், இடம், காயம்.
கடைசியில் காரணம் என்று ஒரு கட்டம்,
கட்டைவிரல் அகலம்.
இரவில் நான் எழுதுவேன்: தரை ஈரம்.
பகலில் பிரிஸில்லா எழுதுவாள்: சொல்பேச்சுக் கேட்பதில்லை.
இரண்டையும் படித்துவிட்டு
நொம்பூசோ துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்:
"தரை என் தரை.
ராத்திரி மூன்றரைக்கு வந்து அதை ஈரமாக்க
நான் என்ன பேயா?"

அன்று ஷிப்ட் மாறும் நேரம்
சலவை அறையில் நின்றபடியே பேசினோம்.
மியர்பேங்கின் மே மாதக் குளிருக்கு
அந்த அறை ஒன்றுதான் சூடு.
எண்ணெய் ஆலை வாடையும் சோப்பு வாசனையும்
ஒரே ஜன்னலில் முட்டிக்கொள்ளும்.
இயந்திரம் சுற்றுகிற சத்தத்தில்
எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.
சண்டைக்கு அது வசதி.

"கட்டிலை ஏன் அவ்வளவு உயரத்தில் விட்டுப் போகிறீர்கள்?"
"குனிந்து குனிந்து விரிப்பு மாற்ற
எங்கள் முதுகு என்ன இரும்பா?
இறக்குகிற கைப்பிடி சுற்ற வரவில்லை.
மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன்."
"யாரிடம்?"
கிளைவ் தன் பூட்ஸைப் பார்த்தான்.

துணி மடித்துக்கொண்டிருந்த மிஸஸ் பெருமாள்
தலை நிமிராமலே சொன்னார்:
"அவர் பைஜாமாவின் அடி ஓரம் தினமும் கறுத்து வருகிறது.
இடுப்பு எலாஸ்டிக் தொய்ந்து போச்சு.
மிதித்துக்கொண்டேதான் நடக்கிறார்."
எத்தனை நாளாக?
"யாரும் என்னைக் கேட்கவில்லையே."

உலர்த்தியின் மேல் படிவங்களைப் பரப்பினேன்.
மூன்று நாற்பது. மூன்று முப்பத்தைந்து. மறுபடி மூன்று நாற்பது.
சமையல்கட்டுச் சிந்தாமணி எட்டிப் பார்த்தாள்.
"நாலரைக்கு முதல் பஸ்.
அதற்குள் டயரைத் தட்டிப் பார்க்க வேண்டாமா?
கஞ்சி கொண்டுபோகிறபோதெல்லாம்
என்னிடம் சாவி கேட்கிறார்.
கரண்டியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்."

சிரித்தோம்.
அப்புறம் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மதியமே கைப்பிடிக்கு எண்ணெய் விட்டான் கிளைவ்.
சுவரில் மஞ்சள் கோடு ஒன்று இழுத்தான்:
கட்டில் இதற்கு மேலே தூங்கக் கூடாது.
முதல் மூன்று நாள் பிரிஸில்லா மறந்தாள்.
நான்காம் நாள் நொம்பூசோ
ஒன்றும் சொல்லாமல் தானே சுற்றி இறக்கினாள்.
பைஜாமாவுக்குப் புது நாடா.
வியாழன்தோறும் உடற்பயிற்சி தர வருகிற ஷமீமா
அவர் காதில் தினசரி மந்திரம் போலப் போட்டுவிட்டுப் போனது:
உட்கார், பாதம் தரையில், இருபது எண்ணு, எழு.

சரி, மூன்றரைக்கு யார் போவது?
இரண்டு வராந்தா, இருபத்தொன்பது பேர், நான் ஒருத்தி.
வாசல் காவலாளி வூசி தொண்டையைச் செருமினான்:
"ஆளைத் தொட எனக்கு அனுமதியில்லை.
ஜன்னலைத் தொடலாமில்லையா?"

மே மாதம் ஒன்று.
ஜூனிலும் ஒன்று; அது மிஸ் துரைசாமி,
பட்டப்பகலில், பிறந்தநாள் கேக் வெட்டும்போது,
நாங்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்கையில்.
அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

நேற்று ராத்திரி மின்வெட்டு.
கடைசி அறையில் யாருக்கோ மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.
ஜன்னலில் வூசியின் டார்ச் இரண்டு தட்டு.
ஓடினேன்.
கட்டில் விளிம்பில் அவர். பாதம் தரையில்.
பதினேழு, பதினெட்டு…
இருட்டில் என் பக்கம் திரும்பினார்:
"எல்லாரும் உட்கார்ந்தாச்சா?"

ஆச்சு, டிரைவர்.

முழங்கையைப் பிடித்தேன். கழிவறை வரை போய்த்
திரும்பி வந்து படுத்தார்.
கட்டில் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே இருந்தது.
சுற்றி இறக்கினேன்.
கைப்பிடி இன்னும் கீச்சென்கிறது.
கிளைவுக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது,
போய்ச் சொல்ல வேண்டும்.