தண்ணி நாள்

ஸ்டான்லி ஆஸ்பத்திரி, பதினேழாம் நம்பர் அறை.
அந்த டாக்டர் பெண் சுற்றி வளைக்கவில்லை.
"செத்துப்போயிடலாம்னு தோணுதாய்யா?"
பசிக்குதா என்பதுபோல் கேட்டாள்.

தூக்கம் வருதா, சுகர் எவ்வளவு,
பென்ஷன் ஏறிடுச்சா,
எல்லாம் கேட்டிருக்கிறார்கள் என்னிடம்.
இதை யாரும் கேட்டதில்லை.
"தோணுது" என்றேன்.
கூரை இடிந்து விழவில்லை.
மின்விசிறி அதுபாட்டுக்குச் சுற்றியது.

"இவ்ளோ நாள் எது தடுத்துச்சு?"

சாமி என்றிருக்கலாம்.
மணலியில் இருக்கும் மகள் என்றிருந்தால்
அழகாக இருந்திருக்கும்.
வாயில் வந்தது மோட்டார்.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில்
பதினாறு வீட்டுக்கு ஒரு சம்ப்.
ஒருநாள் விட்டு ஒருநாள், விடிகாலை நாலரைக்கு.
தொண்டையில் ஒரு சொம்பு ஊற்றி
இடுப்பில் லேசாகத் தட்டினால்தான் இழுக்கும் அது.
ஹார்பரில் முப்பது வருஷம் வின்ச் பிடித்த கைக்கு மட்டும்
அந்தத் தட்டு தெரியும்.
சாவி என் அரைஞாண் கயிற்றில்.
"ராத்திரி அந்த நெனப்பு வரும்மா.
நாளைக்குத் தண்ணி நாளாச்சேன்னு படுத்துக்குவேன்."

அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.
பிறகு நிமிர்ந்தாள்:
"தண்ணி வராத நாள்ல?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மாத்திரை ஒரு வாரத்துக்கு மட்டும் தந்தாள்,
அதுவும் வேறு ஒருவர் கையில் இருக்கணும் என்றாள்.
எனக்கு யார் இருக்கிறார்கள்?
எதிர்வீட்டு பெனிட்டா.
செருப்பு ஸ்டாண்டுக்காக இரண்டு வருஷமாய்
முகம் திருப்பிக்கொண்டு போகிறவள்.
வாசலில் நின்று ஒப்பித்தேன்.
கடைசிவரை கேட்டாள்.
"இத்த சொல்லாம, ஒரு ஸ்டாண்டுக்காடா
நாம சண்ட போட்டோம், எத்திராஜண்ணே?"

இப்போது ராத்திரி எட்டரைக்கு ஒரு மாத்திரையோடு வருகிறாள்.
விழுங்கும்வரை மத்தி விலையைத் திட்டுகிறாள்.
சாயங்காலம் கேரம் கிளப்பில்
தேசப்பன் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறான்.
காய் எதுவும் கண்ணில் நிற்பதில்லை என்றால்,
"ஆடாட்டி போ, பவுடர் போடு."
போடுகிறேன்.

சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
இன்று தண்ணி வராத நாள்.
நாலரைக்கே விழிப்பு, அந்த நினைப்போடு.
சாவியைத் தொட்டுப் பார்த்தேன், அதற்கு வேலை இல்லை.
எதிர்வீட்டுக் கதவின்முன் கொஞ்சநேரம் நின்றேன்.
பிறகு தட்டினேன்,
மோட்டாரைத் தட்டுவதுபோல், லேசாக.

உள்ளே லைட் எரிந்தது.
"யாரு இந்நேரத்துல?
அண்ணனா? இரு, வரேன்."