கச்சான் எழுமுன்

பிரப்பன்வலசைக் கடலோரம், விடுதியின் முன்முற்றம்.
லாரியில் சுருட்டி வந்த பச்சைப் பாயை
மணல்மேல் விரித்து மூன்று வருடம்.
பாயோடு பாயாகக் கோரையும் வந்தது.
அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

தண்டைக் கிள்ளி விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள்.
உருளாது.
மூன்று பட்டை. புல்லுக்கு ஏது மூலை?
வெட்டிய மறுநாளே
மற்றதெல்லாம் படுத்திருக்க
இது மட்டும் எழுந்து நிற்கும்
பந்தியில் இடம் கிடைக்காதவன் போல.

இரண்டு வருடம் பிடுங்கினேன்.
இழுத்தால் நூல் அறும், கிழங்கு உள்ளேயே தங்கும்.
அறுந்த இடத்தில்
பக்கத்து வீட்டானையும் கூட்டிக்கொண்டு எழும்.
உனக்குக் கூலி கொடுப்பதே கோரைதான் என்று
சிரிப்பான் காவல்கார இன்னாசி.

பிறகு மருந்து வந்தது.
கோரையைக் கொல்லும், புல்லை விட்டுவிடும் என்றார்
மேலாளர் சிக்கந்தர்.
டப்பாவில் ஒட்டிய தாள், மடிப்புக்குள் மடிப்பு,
எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.
கணக்கு பார்க்கும் ரெஜினாளிடம் கண்ணாடி கடன் வாங்கி
ஒரு மதியம் முழுக்கப் படித்தேன்.
எந்தப் புல்லுக்கு ஆகும், எதற்கு ஆகாது.
முன்னும் பின்னும் இரண்டு நாள் வெட்டாதே.
கையுறை. முழுக்கைச் சட்டை.
காயும்வரை காலடி கூடாது.
நீர்நிலை அருகே அடிக்காதே.

நீர்நிலை.
தலை தூக்கினேன்.
நாற்பதாவது எட்டில் கடல்.

ஞாயிறு கல்யாண வரவேற்பு.
வெள்ளி பதினொரு மணிக்கு
"இப்பவே அடிச்சிரு நம்புசெல்வி" என்றார்.
கச்சான் தென்னை மட்டைகளை உலுக்கிக்கொண்டிருந்தது.
ஒரு பிடி மணலை அள்ளி அவர் முன்னால் விட்டேன்.
அது கீழே விழவில்லை,
கடலுக்குப் போயிற்று.
அங்கே இடுப்பளவு நீரில் இன்னொரு புல்வெளி.
வெட்ட ஆள் இல்லை.
கடற்பசு மேய்ந்த தடம்
நீர் தெளிந்த நாளில் கோடாய்த் தெரியும்.
மருந்துக்குத் தெரியும் சார், எது கோரை எது புல்லென்று.
காற்றுக்குத் தெரியாது.
தவிரவும் ஞாயிறுக்குள் சாகாது, மூன்று வாரம் பிடிக்கும்.

அவர் ஒன்றும் சொல்லாமல் போனார்.
மாப்பிள்ளையின் புதுச் செருப்பைச் சுற்றிக்
கோரை நின்றது, எல்லாப் படத்திலும்.

செவ்வாய் விடியல்.
கொடிக்கயிற்றில் துவாலை அசையவில்லை.
அளவுக் கரண்டியின் விளிம்பை வழித்துக் கரைத்தேன்.
நாயைக் கட்டச் சொன்னேன்.
கடல் பக்கம் பத்து எட்டை விட்டுவிட்டேன்,
அந்தப் பட்டையைக் கையால் பிடுங்கலாம்,
எனக்கும் கொஞ்சம் கூலி மிச்சம் வேண்டாமா.
முனையைத் தாழப் பிடித்து
இலை நனையும்வரை, சொட்டும்வரை அல்ல.
கையுறைக்குள் வியர்வை குளம் கட்டியது.

வள்ளம் தள்ளப் போன சந்தியாகு நின்றான்.
"அந்தக் காலி டப்பாவக் குடுக்கா, மூடி நல்லா இறுகுது,
கடலுக்குக் குடிதண்ணி கொண்டு போகலாம்."
மூன்று முறை அலசினேன்.
அலசிய நீரும் கோரைக்கே போயிற்று.
கடப்பாரையால் அடியில் ஓர் ஓட்டை,
பக்கத்தில் இன்னொன்று.
"நல்ல சாமானக் கெடுத்திட்டியே!"
என் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டு, திட்டிக்கொண்டே போனான்.

ஐந்தாம் நாள் ஒன்றும் இல்லை.
சிக்கந்தர் என்னைத் தாண்டிப் பார்த்தார்.
பத்தாம் நாள் நுனியில் மஞ்சள்.
மூன்றாம் வாரம் கோரை பழுத்துச் சாய்ந்தது.
புல்லும் கொஞ்சம் வெளிறித்தான் போனது,
மறைக்கவில்லை நான். பிறகு தேறியது.

ஏழாவது வாரம்
பிள்ளைகளின் சறுக்குப் பலகைக்கு அடியில்
மூன்று புதுத் தளிர்.
கிள்ளி உருட்டினேன்.
உருளவில்லை.

இரண்டாம் தடவைக்குத் தாள் என்ன சொன்னது?
ரெஜினாளிடம் மறுபடி கண்ணாடி கேட்கப் போனேன்.
கச்சான் ஓய்ந்திருந்தது.
காற்று இப்போது வாடை,
கடலிலிருந்து அறைகளை நோக்கி.
ஜன்னல்கள் திறந்திருந்தன.